அங்கிள் மடி

ஒன்றாம் வகுப்பு முடியும்வரை என் காது மூளியாகவே இருந்தது. பள்ளி வேனில் மற்றப் பிள்ளைகளின் காதில் ஜிமிக்கி ஆடும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மாந்தோப்புகள் வேனுக்கு எதிர்த்திசையில் மிதந்துபோகும். பாதித் தூக்கத்தில் நானும் கூடவே மிதப்பேன். காது குத்தாததற்கான காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். அம்மாவின் அண்ணனும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. அண்ணன் முன்னின்று நடத்திய ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் அப்பாவுக்கு இலை போடத் தாமதமானதாம். சாப்பாடு பிறகு வந்துவிட்டது. கோபம் மட்டும் போகவே இல்லை.

காரிமங்கலம் சந்தையில்தான் அந்த அண்ணனைப் பார்ப்போம். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அம்மா சட்டென்று நின்றுவிடுவாள். எதிரே பெரிய மீசை வைத்த ஒருவர் அதேபோல நிற்பார். அப்பா என் முதுகில் தட்டி, "அங்கிளுக்கு வணக்கம் சொல்லு" என்பார். சொல்வேன். அவர் என் கையில் ஒரு கொய்யாவைத் திணித்துவிட்டுப் போவார். ஐஸ் விற்பவர் ஐஸ் அங்கிள், வேன் ஓட்டுபவர் வேன் அங்கிள், இவர் கொய்யா அங்கிள். மாமா என்று அவரைச் சொல்ல அப்பாவுக்கு மனமில்லை. யாரோடும் ஒட்டாத அந்த இங்கிலீஷ் சொல் அவருக்கு வசதியாக இருந்தது.

இப்போது நான் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். அந்தச் சொல்லின் பூர்வீகத்தைப் படித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பழைய ரோமாபுரிக்காரர்களும் நம்மைப் போலத்தான். அப்பாவின் சகோதரனுக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரனுக்கு வேறு சொல் வைத்திருந்தார்கள். அங்கிள் பிறந்தது இரண்டாவதிலிருந்து. 'சின்னத் தாத்தா' என்று பொருள்படும் அந்தச் சொல் தாய்மாமனை மட்டுமே குறித்தது. அது பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா, சித்தப்பா, அத்தை கணவர் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். கப்பலேறி நம் பக்கம் வந்தபின் ஐஸ்காரருக்கும் இடம் கிடைத்தது. மச்சானை ஒதுக்கிவைக்க அப்பா தேடி எடுத்த சொல், மச்சானுடைய சொந்தப் பட்டமாகவே இருந்திருக்கிறது, பாவம்.

ஒன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் அப்பா ஒருவழியாகக் குலதெய்வம் கோயிலில் நாள் குறித்தார். மடிக்கு அத்தை கணவர் தயார். அவரும் எனக்கு மாமாதானே என்பது அப்பாவின் கணக்கு. வேப்பமர நிழல் எல்லோர்மேலும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பொங்கல் புகையில் முகங்கள் கரைந்து கரைந்து தெரிந்தன. தங்கக் கம்பியோடு ஆசாரி காத்திருந்தார். அம்மா என்னை இறுக்கிக்கொண்டு, "எங்கண்ணன் மடியில்லாம எம்புள்ள காதத் தொட உடமாட்டனுங்க" என்றாள். அம்மா அப்பாவிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வெயில் ஏறியது. மைதானத்துக்கு அந்தப்பக்கம் புளியமரத்தடியில் கொய்யா அங்கிள் ஒரு பையோடு நின்றிருந்தார். அம்மா போனில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்பா அழைக்காமல் அவர் கிட்டே வரமாட்டார். அப்பா அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, "போயி அந்த அங்கிளக் கூட்டிட்டு வா" என்றார்.

ஓடினேன். "அங்கிள், அப்பா உங்களக் கூப்புடறாருங்க."

அவர் பையை இடக்கைக்கு மாற்றினார். கோபித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். அதற்கு அந்த ஒரு சொல்லே போதும். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மடியில் உட்கார்ந்தபோது அவர் கால்கள் நடுங்கின. "பயப்படாதீங்க அங்கிள், எனக்குத்தான குத்தறாங்க" என்றேன்.

"இல்ல சாமி" என்றார். கம்பி ஏறியதும் ஊருக்கே கேட்கும்படி அலறினேன். என் கண்ணைத் துடைத்துவிட்டவர், தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பைக்கில் உட்கார்ந்து தூங்கி வழிந்தபடி வந்தேன். "அந்த அங்கிள் என்னவிட பயந்தாங்கொள்ளிப்பா, அழுவறாரு" என்றேன். அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "அங்கிள் இல்ல பாப்பா, மாமா" என்றார்.

பின்னாலிருந்த அம்மா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் சட்டை நனைந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்தார்களே, இதற்குப் போய் அம்மா ஏன் அழுகிறாள் என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.