காயப்போட்ட வத்தை

எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான்.

நான் மாட்டு டாக்டர். ஒரத்தநாட்டிலிருந்து கடற்கரைக் கிராமங்களுக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் சேதுபாவாசத்திரம் பக்கம் ஒரு வத்தை சேற்றில் கிடப்பதைப் பார்ப்பேன். பாய் கட்டி ஓட்டுகிற பழைய பலகைப் படகு. தினமும் கடல் ஏறி அதை நனைத்துவிட்டு இறங்கும். உடம்பெல்லாம் பாசி. இப்படியா போட்டு வைப்பார்கள் என்று எனக்கு வயிறு எரியும்.

சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தேன். ஃபைபர் படகுக்கு மாறிவிட்ட மீனவர்.

"மறுபடி பாய் கட்டி ஓட்டறதா இருந்தா எடுத்துக்கங்க டாக்டரம்மா. வாசல்ல அழகுக்கு வைக்கறதுன்னா வேணாம்."

ஓட்டியே தீருவேன் என்று வாக்குக் கொடுத்து, லாரியில் ஏற்றி எங்கள் களத்தில் இறக்கினேன். "மாடு மாதிரி கட்டறதுக்கு முளைக்குச்சி அடிக்கட்டுமா?" என்றார் என் கணவர். நான் பாசியைச் சுரண்டினேன். நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. களத்தில் ஈரம் என்றாலே பதறும். சித்திரை வெயிலில் நாலு ஆள் வைத்து வத்தையைப் புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன். கோடை மழை தூறினால் தார்ப்பாயோடு ஓடினேன். ஒரு மாதத்தில் மரம் வெளுத்துப் பளிச்சென்று ஆகிவிட்டது. பெருமை தாங்காமல் படம் எடுத்து மீனவருக்கு அனுப்பினேன்.

மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார். இரண்டு பலகைக்கு நடுவில் சுண்டுவிரலை விட்டார். விரல் அந்தப் பக்கம் வந்தது.

"என்னம்மா, நெல்லு மாதிரி காயப்போட்டிருக்கீங்க? பலகை ஊறிக்கிட்டே இருந்தாத்தான் உப்பி இடுக்கு மூடும். கெட்டுடக் கூடாதுன்னுதான சேத்துல போட்டு வச்சிருந்தேன்!"

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லியே."

ஊறப்போடலாம் என்றால் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விடவில்லை. போர்வெல் தண்ணீரைப் படகுக்குள் பீய்ச்சினேன். விட்டதெல்லாம் அடியில் ஒழுகியது. வேறு வழியில்லாமல் அதே லாரியைக் கூப்பிட்டேன். "வைத்தியம் பலிக்கலையா மேடம்?" என்றார் டிரைவர். அறையலாம் போலிருந்தது.

இப்போது வத்தை பழைய சேற்றிலேயே கிடக்கிறது. வாரந்தோறும் போய் இடுக்குகளில் விரல் விட்டுப் பார்க்கிறேன். பல மூடிவிட்டன. அடிப்பலகையில் ஒரு வெடிப்பு மட்டும் அசைவதாக இல்லை. அது மூடாவிட்டால் படகும் மிதக்காது, என் வாக்கும் போச்சு.

போன வாரம் அந்த வெடிப்பைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"யாருதுங்க இது? இப்படியா அநாதையா போட்டு வைப்பாங்க? நான் எடுத்துட்டுப் போய் நல்லா வச்சுக்கவா?"

முழங்கால் சேற்றில் நின்றபடி கத்தினேன்.

"என்னுதுதான். தொடாதீங்க!"