சாம்பல் ராணியின் தங்கச்சி

டிவி பார்க்கும்போது சித்தியின் உதடுகள் அசையும். சத்தம் வராது. புருவம் ஏறி இறங்கும். சில சமயம் யாரையோ அதட்டுகிற மாதிரி முகவாய் முன்னால் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து அந்த ஒற்றை அறை வீட்டில் தங்கிப் படித்த அக்கா மகள், கணக்குப் புத்தகத்திலிருந்து தலை தூக்கும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறாள். வயதானால் வருகிற பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். சித்திக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

பிள்ளை படிக்கிறது என்பதற்காகச் சித்தி டிவியின் சத்தத்தை அடியோடு நிறுத்திவிடுவாள். டிவியையே நிறுத்தலாமே என்று கேட்டால், "நாள் பூரா கடையில பேன்ட் கால மடிச்சுத் தைக்கிறேன். வீட்டுக்கு வந்தும் செவுத்தையா பாக்கச் சொல்ற?" என்பாள்.

அப்படி எட்டு வருடம் அவள் ஒரே தொடரைப் பார்த்தாள். ஒரு விண்கப்பல். அதன் கேப்டன் ஓர் இளம்பெண். சாம்பல் நிற அங்கி போட்ட ராணி ஒருத்தி அவளைத் துரத்திக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு வாரமும் ராணி கை நீட்டியபடி வருவாள். கேப்டன் கப்பல் கதவைச் சாத்திக்கொண்டு பறந்துவிடுவாள். வசனம் எதுவும் காதில் விழாததால் சித்தி தானே எழுதிக்கொண்டாள். உதடு அசைந்தது அதற்குத்தான்.

அக்கா மகள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கினாள். ரிசல்ட் வந்த அன்றே சித்தி அவளுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்தாள். "டிகிரி, விளக்க அணைச்சியா?" "டிகிரி, தலையத் தொவட்டு." வேலை கிடைத்து அவள் விடுதிக்குப் போன பிறகு, ஒருநாள் சித்தி டிவிக்குச் சத்தம் வைத்துப் பார்த்தாளாம். "அந்த ராணிக்குச் சளி பிடிச்ச கொரலுடி. சகிக்கல" என்று ஒரே நிமிடத்தில் மறுபடி ஊமையாக்கிவிட்டாள்.

கடையில் வெட்டிப் போடும் பேன்ட் கால் துண்டுகளில் சித்தி பொம்மை செய்வாள். உலகத்தில் நெட்டையானவர்கள் குறைவு. அதனால் துண்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. சாண் உயரம், பொத்தான் கண், நூல் முடி. ராணிக்குச் சாம்பல் துணி, கேப்டனுக்குக் கருநீலம். பொம்மைகள் அட்டைப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தன. பிறகு மேலேயும் ஏறின. லாரி ஓட்டும் சித்தப்பா ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணு இதுங்கள வித்துடு, இல்ல என்ன வித்துடு. கட்டில்ல ரெண்டுல ஒண்ணுக்குத்தான் எடம்" என்றார்.

தொடர்களுக்கும் காமிக்ஸுக்கும் உயிரை விடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுகிற கண்காட்சியைப் பற்றி டிகிரிதான் கண்டுபிடித்தாள். கைவேலை விற்க அங்கே மேசை கிடைக்கும். சித்தி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"ஒரே ஒரு ஆள் போதும். எரக்கப்பட்டு இல்ல, ஆசப்பட்டு வாங்கணும். அப்படி ஒருத்தரும் வரலன்னா கட வேலைக்குத் தவிர நான் ஊசியத் தொட மாட்டேன்."

சித்தி சொன்னால் சொன்னதுதான். ஏதோ ஒரு கோபத்தில் டீக்குச் சர்க்கரையை நிறுத்தியவள், பன்னிரண்டு வருடமாகத் தொடவில்லை.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, லீவுக்குச் சித்தி வீட்டுக்கு வந்திருந்த டிகிரி முதல் முறையாக அந்தத் தொடரைப் பற்றிப் படித்தாள். மற்ற கடைகளில் பொம்மை என்ன விலை போகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தாள். சாம்பல் ராணி கேப்டனின் பரம எதிரி. கேப்டன் பிறந்த கிரகத்தையே எரித்தவள். நீட்டுகிற கையிலிருந்து விஷக்கதிர் வருமாம்.

இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து சித்தி, ராணியையும் கேப்டனையும் ஜோடி ஜோடியாக ரிப்பனால் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சீட்டு. 'அக்காவும் தங்கச்சியும். பிரித்துத் தர மாட்டோம்.'

டிகிரி மூன்று தடவை வாயைத் திறந்தாள். மூன்று தடவையும் வேறு எதையோ கேட்டாள். சொன்னால் சித்தி மனம் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் ஊரார் முன்னால் உடைவாள். இரண்டில் எது குறைந்த பாவம்? அவள் படித்த படிப்பில் இதற்கு விடை இல்லை. சித்திக்காகத்தான் தயங்குகிறோமா, சிரிக்கப்படுகிற சித்தியின் பக்கத்தில் நிற்க வேண்டுமே என்று தயங்குகிறோமா என்றும் தன்னையே கேட்டுக்கொண்டாள். அதற்கு மட்டும் விடை தெரிந்தது, பிடிக்கவில்லை.

மேசை எண் அறுபத்து நான்கு. ஒரு பக்கம் கழிப்பறைக்குப் போகும் வழி, மறுபக்கம் ஸ்டிக்கர் விற்கும் ஒல்லிப் பையன். பச்சை முடியும் அட்டை வாளுமாக ஜனம் வந்தபடி இருந்தது. சித்தி நாற்பது ஜோடிகளையும் பள்ளி வகுப்பு மாதிரி வரிசையாக உட்கார வைத்தாள். ஒரு மணி நேரம் ஒருவரும் நிற்கவில்லை. பிறகு கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் சீட்டைச் சத்தமாகப் படித்தான்.

"அக்காவும் தங்கச்சியுமா? ஆன்ட்டி, இவ வில்லி! அவளக் கொல்றதுக்குத்தான் இவ தொரத்துறா!"

"டேய், ஃபோட்டோ எடுடா, ஃபோட்டோ எடு."

அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். சித்தி சீட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"டிகிரி. அந்தப் பையன் சொன்னது நெசமா?"

"ஆமா சித்தி."

"ஒனக்குத் தெரியுமா?"

"போன வாரம் படிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீ கஷ்டப்படுவியோன்னு." மீதியையும் சொன்னாள். "எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு."

சித்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "வெக்கம்னா முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? தலையாவது நல்லா வாரிட்டு வந்திருப்பேன்." பிறகு காலிப் பெட்டியை இழுத்துப் பொம்மைகளை உள்ளே வைக்கத் தொடங்கினாள், முகம் கீழே இருக்கும்படி.

பதினோராவது ஜோடி உள்ளே போனபோது மேசையில் ஒரு நிழல் விழுந்தது. ஆறடி உயரம், சாம்பல் அங்கி, தலையில் தகரக் கிரீடம். சாம்பல் ராணியாக வேஷம் போட்ட ஒரு பெண். அங்கியின் பின்பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து தொங்கியது.

"அக்கா, ஊக்கு ஏதாவது இருக்குமா? காலைலேர்ந்து ஆளாளுக்கு வில்லின்னு புடிச்சு இழுக்குறாங்க."

சித்தியின் கை ஊசிக்குத் தானாகப் போனது. "ஊக்கெல்லாம் நிக்காது. ஒக்காரு." பேன்ட் துண்டு ஒன்றை உள்ளே ஒட்டுக் கொடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். ராணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சீட்டைப் படித்தாள்.

"இது என்ன கத?"

"அது தப்புக் கத, விடு."

"தப்புன்னாலும் சொல்லுங்களேன். தச்சு முடிக்கற வரைக்கும் நான் எங்கயும் போக முடியாதே."

சித்தி தையலைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் சத்தமில்லாம பாத்தவ. இவ படிப்பா, ஒரே ரூமு. என் கண்ணுக்கு இது அம்மா இல்லாத ரெண்டு பொண்ணுங்க. பெரியவ வளத்தா. சின்னவ ஏதோ ரோஷத்துல வீட்ட விட்டுப் போயிட்டா. பெரியவ ஊர் ஊரா வந்து, வாடின்னு கைய நீட்டுறா. அவ மொகத்த மட்டும் பாத்தா அப்படித்தான் இருக்கும்."

ராணி வேஷக்காரி சீட்டை மறுபடி படித்தாள். "எல்லா பாகத்தையும் மூணு தடவ பாத்திருக்கேன் அக்கா. எனக்கு இது தோணவே இல்லயே." கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு ஜோடி குடுங்க. பிரிக்காம."

தையல் முடிந்ததும் அவள் நேராகப் போய் நான்கு பேரை இழுத்துவந்தாள். அந்த நால்வரும் எட்டுப் பேரைக் கொண்டுவந்தார்கள். ராணி வில்லியா, அக்காவா என்று தர்க்கம் சூடு பிடித்தது. கை நீளம் பத்தாத விண்கப்பல் சீருடை போட்ட ஒரு வழுக்கைத் தலைக்காரர் முன்னால் வந்தார். வேலை நாட்களில் பஸ் கண்டக்டராம்.

"எல்லாம் சரிம்மா. ரெண்டாவது பாகத்துல கெரகத்தையே எரிச்சாளே, அது?"

"எரியற வீட்டு முன்னாடி நின்னா எரிச்சவளா? அவ மூஞ்சியப் பாத்தியாப்பா நீ? தீப்பெட்டி கொண்டு வந்தவ மூஞ்சி இல்ல அது. தண்ணி கொண்டு வர நேரமாயிட்டவ மூஞ்சி."

"அப்போ செறையில வச்சாளே?"

"ஓடிப்போறவள வேற எப்படி வீட்டுல வைக்கறது? கம்பளி குடுத்தாளா இல்லியா?"

"குடுத்தா! குடுத்தா!" என்று ராணி வேஷக்காரி கத்தினாள். "நாலாம் பாகத்துல குடுத்தா!"

கூட்டம் கைதட்டியது. கண்டக்டர் தோற்றதில் சந்தோஷப்பட்ட மாதிரி தெரிந்தது. கழிப்பறைக்குப் போகிறவர்கள் வழி கிடைக்காமல் திட்டத் தொடங்கவே, பழக்கதோஷத்தில் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "முன்னாடி நகருங்க, வழியில நிக்காதீங்க, கத கேட்டவங்க எறங்குங்க!" சாயங்காலம்வரை தொண்டை கட்டக் கட்ட அதே வேலை. டிகிரி மேசையின் முன்பக்கம் வந்து, சீட்டை அவளே சத்தமாகப் படித்துப் படித்து விற்றாள். பதினேழு ஜோடி போனது. மீதியைச் சித்தி பெட்டியில் அடுக்கினாள், இந்த முறை முகம் மேலே பார்க்கும்படி.

கண்டக்டருக்குச் சும்மாவே ஒரு ஜோடி கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை.

"எனக்கு இவங்க ரெண்டு பேரும் வேணாம்மா. கப்பல்ல எஞ்சினோட மல்லுக்கட்டிட்டு ஒரு பெரியவர் இருப்பாரே, அவர் வேணும். அவர் இவங்களுக்கு என்ன ஒறவு?"

சித்தி முதல் முறையாகத் திகைத்தாள். டிவியில் அந்த ஆள் வந்தாலே அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள்.

"தெரியலப்பா. யோசிச்சுத் தச்சுத் தரேன். நாள் பூரா தொண்ட கிழியக் கத்தியிருக்க, ஒனக்குக் கடன் வைக்க மாட்டேன்."

ஐந்து மாதம் ஆகிறது. சித்தி தைக்காத நாளில்லை. அடுத்த கண்காட்சிக்கு மேசை சொல்லியாயிற்று. அந்தப் பெரியவர் மட்டும் அமையவில்லை. தாய்மாமன் என்று வெட்டினாள். "தாய்மாமன்னா இத்தன வருஷம் சமாதானம் பேசாமலா இருந்திருப்பான்?" என்று பிரித்துப் போட்டாள். பெரியப்பா ஆக்கினாள், அதுவும் ஒட்டவில்லை. சும்மா ஒரு பொம்மையாகச் செய்து கொடுத்துவிடேன் என்றதற்கு டிகிரிக்கு விழுந்தது திட்டு. "ஒறவு தெரியாத ஆளுக்கு மூஞ்சி எப்படிடி வைக்கறது?"

கடைக்குப் போகிற வழியில் ஓடுவது அந்தக் கண்டக்டரின் பஸ்தான். அது வந்தால் சித்தி நிறுத்தத்தில் நிற்கிற யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒதுங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருப்பாள். போன வாரம் அவர் படிக்கட்டில் தொங்கியபடியே பார்த்துவிட்டார்.

"என்னம்மா, முடிவாச்சா? யாரு அவரு?"

"இன்னும் இல்லப்பா! அடுத்த வாரம்!" என்று சித்தி கத்தினாள்.

இந்த வாரமும் அதையேதான் சொன்னாள்.