சித்தப்பாவின் கொயினா

அம்மாவுக்கு எச்சில் என்றால் ஆகாது. சொம்பில் யார் உதடாவது பட்டுவிட்டால், அதைப் புளிபோட்டுத் தேய்த்துக் கவிழ்த்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். சிங்கப்பூருக்குக் கப்பலேறியபோது மற்ற ஆசாரமெல்லாம் கடலோடு போய்விட்டது, இது ஒன்று மட்டும் அவளோடு கரையேறிவிட்டது என்று அப்பா கேலி செய்வார். அப்படிப்பட்டவள், என் சித்தப்பாவின் வாயிலிருந்து வந்த மாத்திரைகளை விழுங்கித்தான் ஒருமுறை உயிர் பிழைத்தாள். அது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

அப்பாவும் அவர் தம்பியான சித்தப்பாவும் சிராங்கூன் சாலைக் கோடியில் இருந்த ஒரு செங்கல் சூளைக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வேலையாளுக்கு ஒரு பித்தளை வில்லை உண்டு. அதைக் காட்டினால் கம்பெனியின் மருந்துக் கொட்டகையில் அவருக்கும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் மருந்து இலவசம். அந்த வருஷம் அப்பா மேஸ்திரியோடு வாய்ச்சண்டை போட்டார். வாய் அப்பாவுடையது, வில்லை கம்பெனியுடையது. மேஸ்திரி வில்லையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். துறைமுகத்தில் வேறு வேலை கிடைத்தது. ஆனால் மாதம் பிறந்த பிறகுதான் வேலையும் அங்கத்து வில்லையும். நாங்கள் கம்பெனி லயத்து வீட்டைக் காலிசெய்து ஜாலான் புசார் சதுப்போரம் ஓர் அறைக்குக் குடிபோனோம்.

மாதம் பிறக்கட்டும் என்று கொசு காத்திருக்குமா? அம்மாவுக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இருக்கிற கம்பளியெல்லாம் போர்த்தி, அதன்மேல் நானும் ஏறிப் படுப்பேன். நடுக்கம் என்னையும் சேர்த்து உலுக்கும். பக்கத்து அறைப் பெண் ஒருத்தி அதே காய்ச்சலில் சமீபத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்புவதில்லை என்று அம்மா படியிறங்க மறுத்தாள். அந்தக் காய்ச்சலுக்கான மாத்திரை கொயினா; கடையில் அது வெள்ளைக்காரர்கள் வாங்குகிற விலை. எனக்குப் பயமாக இருந்தது. அப்பா அதட்டக்கூட மறந்துபோனது அதைவிடப் பயமாக இருந்தது.

சித்தப்பா தன் வில்லையைக் காட்டி, மருந்து கொடுக்கும் டிரஸரிடம் கேட்டுப் பார்த்தார்.

“அண்ணியெல்லாம் சேத்தி இல்லப்பா. கட்டுன பொண்டாட்டின்னா சொல்லு, தர்றேன்” என்றாராம் டிரஸர். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வாங்கி வரவும் வழியில்லை. மாத்திரையை வாங்கி வெளியே விற்றுவிடுகிறார்கள் என்பதால், டிரஸர் தன் எதிரிலேயே விழுங்கச் சொல்லி, வாயைத் திறந்து பார்த்து, பேரைக் கேட்டுத்தான் விடுவார்.

ஆனால் சித்தப்பா புகையிலைக்காரர். எந்நேரமும் ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவார், சிரிப்பார், பாடுவார். ஒரு சொல் குழறாது. அந்த வித்தையை நம்பி அவர் களத்தில் இறங்கினார். மாத்திரையை வாங்கி வீட்டுக்கு ஓடிவர நான்.

“நாளைலேர்ந்து சித்தப்பாவுக்குக் காய்ச்சல். எப்படி நடிக்கிறேன்னு மட்டும் பாரு” என்றார்.

“நெத்திய தொட்டுப் பாப்பாரே?”

“சூளை வாசல்ல கொஞ்ச நேரம் நின்னா நெத்தி கொதிக்காதா?”

அவர் நடித்ததைப் போல் நான் எந்தக் கூத்திலும் பார்த்ததில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நிற்பார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். டிரஸரே இரக்கப்பட்டு முன்னால் கூப்பிடுவார். மாத்திரை வாய்க்குள் போகும், தண்ணீர் போகும், நாக்கை நீட்டிக் காட்டுவார், பேரைக் கணீரென்று சொல்வார். வாசலுக்கு வந்ததும் மாத்திரை என் உள்ளங்கையில் விழும். மேலே பூசிய சர்க்கரை கரைந்திருக்கும்.

“இனிப்பு எனக்கு, கசப்பு உங்கம்மாவுக்கு. ஓடு!”

அவர் விரல் பட்ட இடம் சுடும். சூளை வாசலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டார்போல என்று நினைத்துக்கொள்வேன். பாவாடை முனையில் மாத்திரையை முடிந்துகொண்டு ஓடுவேன். அப்பா அதைக் கழுவி, வாழைப்பழத்துக்குள் வைத்து அம்மாவுக்கு ஊட்டுவார். மாத்திரை ஏது என்று அம்மா கேட்டபோது, புதுக் கம்பெனியில் முன்கூட்டியே கொடுத்தார்கள் என்றார்.

“வேலைக்கே சேரல, அதுக்குள்ள மருந்தா? நல்ல தர்மவானுங்க” என்று அம்மா படுத்தபடியே கைகூப்பினாள்.

காய்ச்சல் மெல்ல மெல்ல விட்டது. மாதம் பிறந்தது, அப்பாவுக்கு வில்லையும் வந்தது. அம்மா எழுந்து நடமாடிய முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தண்ணீர் குடிக்கும்போது சொம்பு லேசாக அவர் உதட்டில் பட்டுவிட்டது.

“தம்பி, எச்சப் படுத்தாதீங்க. எத்தன தடவ சொல்றது?” என்றாள் அம்மா.

அப்பா இருமுவதுபோல் வெளியே எழுந்து போனார். சித்தப்பா, “தப்புதான் அண்ணி” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சாப்பாடு முடிந்ததும் நான் அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். பக்கத்து அறைப் பிள்ளைகளை முன்பே கூட்டி உட்கார வைத்திருந்தேன்.

“சித்தப்பா, அந்தக் காய்ச்சல் நடிப்பைக் காட்டுங்க.”

அவர் திகைத்தார். பிறகு கையை இரண்டு முறை உதறினார், முழங்காலை ஆட்டினார், பல்லைக் கடித்துக் காட்டினார். பேய் பிடித்தவன் என்று சொல்லலாம், குளிருக்குப் பயந்தவன் என்றும் சொல்லலாம்; காய்ச்சல்காரன் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அங்க நல்லா நடுங்கினீங்களே?”

“இப்ப வரலையேம்மா” என்று சொல்லி என் தலையைத் தடவினார். அவர் கை குளிர்ந்திருந்தது.

“எங்க சித்தப்பாவுக்கு நடிக்கவே தெரியாது” என்று பிள்ளைகளிடம் கோபமாகச் சொன்னேன். எவ்வளவு பெரிய உண்மையைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.