ஒரு பிடி குறைவு

நாங்கள் குடியிருக்கும் அயர்லாந்துச் சிற்றூரில் சர்ச்சுக்குள் நுழைந்ததும் வாசலருகே ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். இல்லாதவர்களுக்காக பாஸ்தா, டின்னில் அடைத்த பீன்ஸ், பிஸ்கட் என்று ஜனங்கள் அதில் போட்டுவிட்டுப் போவார்கள். எல்லாமே கடையில் ஒட்டிய சீல் பிரியாமல் இருக்கவேண்டும். திறந்த பொருளைத் தொடக்கூட மாட்டார்கள். எங்கள் ஊர்க் காணிக்கைக்கு இந்தச் சட்டம் சரிப்பட்டு வராது.

தோவாளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா அரிசியை அளந்து, களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கொண்டுபோய் சபையில் வைத்திருக்கும் கூடையில் கொட்டுவாள். கைப்பிடி அரிசி என்று அதற்குப் பெயர். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் பொங்கிய நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை. எனக்கு அப்போது எரிச்சலாக வரும். நமக்கே இழுபறி, இதில் இது வேறயா என்று முணுமுணுப்பேன்.

என் மனைவி ஷீபா அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாள். ஆறு மாதத்தில் பெரிய டப்பா நிறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போனோம். பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் மோரீன் என்ற வயதான பெண்மணி டப்பாவைத் திறந்து பார்த்தார். எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் உள்ளே போய், ஒரு பை நிறைய பாஸ்தாவும் டின்னுமாகக் கொண்டுவந்து, டப்பாவோடு சேர்த்து என் கையில் திணித்து, "வெட்கப்படாதீர்கள்" என்றார். வெறும் அரிசியைத் தின்று காலந்தள்ளுகிறோம் என்று நினைத்துவிட்டார்! வழியெல்லாம் ஷீபா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் கிடங்கில் என் வேலைநாட்களைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அது என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று உடம்பு கூசியது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஷீபாவிடம் என் முடிவைச் சொன்னேன். டப்ளினில் ஒரு நண்பன் இரட்டை ஷிப்ட் வேலை பார்த்து வைத்திருக்கிறான். நான் அங்கேயே தங்கிவிடுகிறேன், மாதம் ஒருமுறை வந்து உங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் சமைக்க அரிசி அளந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"உனக்க சம்பளமும் எனக்க பாதிச் சம்பளமும் காணாது ஷீபா."

அவள் சர்ச்சிலிருந்து திரும்பி வந்த டப்பாவை எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து அப்படியே கவிழ்த்தாள். அரிசி குவிந்து, தாளையும் தாண்டி மேசை ஓரம்வரை ஓடியது.

"ஆறு மாசமா தெனமும் நம்ம நாலு பேருக்க தட்டுலயும் குறைச்சதாக்கும் இது. என்னைக்காவது வயிறு நெறையாம எழும்புனியளா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருநாளும் இல்லை.

"பொறவு எதுக்குப் போறிய? இருக்கத நாலு பேரும் ஒண்ணா இருந்து திம்போம்."

நான் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனையும் எங்களிடமிருந்து குறைந்திருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. ஊரில் இதை வாசிக்கிற உங்களைப் போலவே நானும் பேச்சு வந்த நாள் முதல் பரமண்டல ஜெபம் சொல்லி வளர்ந்தவன். அதில் இன்றைய சாப்பாட்டை மட்டும்தான் கேட்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாளைக்கும், அதற்கு மறுநாளைக்கும், ஊர் வீட்டின்மேல் கட்டவேண்டிய மாடிக்கும் சேர்த்து நானாகவே கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஆண்டவர் இந்த ஆறு மாதமும் எங்கள் அடுப்பங்கரையில் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறார் என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. டப்ளினுக்கு நான் போகவில்லை.

அந்த அரிசியைப் பொங்கி, ஊர்ச் சபையில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தைப்போல, மோரீனையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பரிமாறினோம். உங்களுக்கு மிச்சம் இருக்கிறதா என்று மோரீன் மூன்று தடவை கேட்டார். வேலைநாட்கள் இன்னும் பாதிதான். ஷீபா இன்றைக்கும் ஒரு பிடி எடுத்து வைக்கிறாள். மாடி கட்டும் பேச்சை நான் விட்டுவிட்டேன்.

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஷீபா ஒரு சின்னத் துணிப்பையில் அங்கே எடுத்து வைத்த அரிசியும் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் அதைக் கூடையில் கொட்டியதும் பக்கத்தில் நின்ற ஊர்க்கார அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இதென்ன மக்கா, பிரியாணி அரிசியா?"

கூடை நிறையச் சிவந்து தடித்த சம்பா அரிசி. அதன்மேல் எங்களுடையது வெள்ளையாக, ஒல்லியாக, நீளநீளமாகக் கிடந்தது. இரண்டு பேர் கூடையைக் குலுக்கித் தூக்கிக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தார்கள். குலுங்கக் குலுங்க அது உள்ளே போனது. ஆனாலும் கடைசிவரை, சிவப்புக்கு நடுவே எங்கள் வெள்ளை எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.