தேதிக் கட்டுக்கு அடியில் ஆட்டுக்கடா

நடந்தவை வரிசையாக:

1. பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்லையா அண்ணாச்சி, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸுக்குத் தினசரி காலண்டர் ஆர்டர் கொடுத்தார். பெரிய ஆபரேஷனில் அவர் மகன் பிழைத்த வருடம் அது. நன்றியாக ஊருக்கே கொடுக்க நினைத்தார்.
2. படத்தை அவரே கொண்டுவந்தார். பழைய ஐரோப்பிய ஓவியம். கடவுள் கேட்டபடி ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்குகிறார்.
3. லே-அவுட் போட்டேன். தினமும் கிழிக்கிற தேதிக் கட்டு, எங்கள் வழக்கப்படி, கீழே நடுவில்.
4. மாதிரி அட்டையைப் பார்த்ததும் அண்ணாச்சியின் மனைவி கண் கலங்கிவிட்டார்.

“கத்தி வச்சுப் பிழைச்ச புள்ளைங்க அவன். இதை வருஷம் பூரா சுவத்துல பாக்கணுமா? காலண்டரே வேண்டாம்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “படத்தைப் பாத்தப்ப சந்தோஷமா இருந்துச்சேம்மா. இப்ப ஏன் இப்படி இருக்கு?”

நியாயமான கேள்வி. மூலப் படத்தை மாதிரிக்குப் பக்கத்தில் வைத்தேன். படம் முழுக்க இருட்டு. வெளிச்சம் மேலே தேவதூதன் தோளில் தொடங்கி, ஆபிரகாமின் மணிக்கட்டைப் பிடித்த அவன் கையில் இறங்கி, பையன் கழுத்தைத் தொட்டு, கீழே ஒரு முட்புதரில் முடிகிறது. புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா. மகனுக்குப் பதிலாகப் பலியாகப் போவது அதுதான். அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும், பையன் பிழைத்தான் என்று. ஓவியர் வெளிச்சத்தாலேயே சொன்ன அந்தச் செய்தியின் மேல் நாங்கள் தேதிக் கட்டை அடித்திருந்தோம்.

மெஷின்மேன் தேவராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். “அப்ப டிசம்பர் முப்பத்தொண்ணு கிழிக்கிற வரிக்கும் ஆடு வராதா? அதுவரிக்கும் புள்ள கயுத்துல கத்திதான் கீதா?”

அழுதுகொண்டிருந்த அண்ணாச்சி வீட்டு அக்கா சிரித்துவிட்டார். “கட்டை நகத்துங்க. ஆடு தெரியட்டும்.”

இடப்பக்க மூலையில் வெறும் பாறை, இருட்டு. அங்கே வைக்கலாம் என்றேன். பிரஸ் முதலாளி மறுப்பாகத் தலையை ஆட்டினார். “கட்டு கனம்மா. ஓரத்துல அடிச்சா காலண்டர் கோணலா தொங்கும்.”

டிப்ளமோவில் படித்த ஈர்ப்பு மையம் அன்றைக்குத்தான் சம்பளத்துக்கு உதவியது. கட்டை மூலையில் அடித்து, அட்டையை விரல்மேல் நிறுத்தி, அது சாயாத இடத்துக்கு நேர் மேலே ஓட்டை போட்டேன். தேவராஜ் அண்ணன் ஆணியில் மாட்டினார்.

“நேரா கீதும்மா! ஓட்டைதான் கோணல்!”

அக்கா கிட்டே போய், ஆட்டின் கொம்பைத் தொட்டுப் பார்த்தார். “நூறு சேத்துப் போடுங்க” என்றார்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படத்தில் வெளிச்சம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள், கட்டுக்கு இடம் அப்புறம் தேடுங்கள்.

அண்ணாச்சி இன்னமும் எங்களிடம்தான் காலண்டர் போடுகிறார். மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறான். வருடாவருடம் அதே படம். கட்டு இடப்பக்கம்.