பச்சை அம்மி

அப்பா, அம்மா. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அவர்தான் பெண். மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் தாயார். தாலி எடுத்துக் கொடுக்கப் பண்டாரம். நான். ஜெராய் மலையடியில், மரவள்ளிக் காட்டுக் குடிசை வாசலில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

ஜப்பான்காரன் காலம். ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுபோய், பீடோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிழங்கு போட வந்திருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள்; போனவர் திரும்பவில்லை. கல்யாணமாகாதவனைத்தான் முதலில் பிடிக்கிறான் என்று பேச்சு. மறுநாள் லாரி வரும் என்று தெரிந்ததும் கல்யாணத்தை வைத்துவிட்டார்கள்.

மஞ்சள் கயிறு இருந்தது. மெட்டிக்குப் பால் கோப்பை கட்டும் கம்பியை வளைத்தாயிற்று. அம்மிதான் இல்லை. கனம் என்று தோட்டத்து லயத்து வீட்டிலேயே விட்டு வந்திருந்தோம்.

மாப்பிள்ளையின் தாயார் உட்கார்ந்துவிட்டார். “அம்மி மிதிக்காம என்ன கல்யாணம், தம்பி? பாதிக் கல்யாணம்னு சொல்லி என் புள்ளையப் பிடிச்சிட்டுப் போயிடுவான்.”

அப்பா எழுந்தார். மாப்பிள்ளையோடு ஆற்றுக்குப் போய், ஒரு கல்லைக் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் கட்டித் தூக்கி வந்தார். பலகை மாதிரித் தட்டை. வெற்றிலையின் அடிப்பக்கப் பச்சை.

“பாசி,” என்றார் தாயார். “ஏறினா பொண்ணு வழுக்கி விழுவா.”

தேய்த்தோம். தேங்காய் மட்டை, சாம்பல், மணல். மணப்பெண்ணும் மஞ்சள் முகத்தோடு குந்தித் தேய்த்தார். பச்சை போகவில்லை; கூடியது.

“என்னைக்கூட இவ்வளவு தேய்ச்சுக் குளிப்பாட்டலியேம்மா,” என்றார் மாப்பிள்ளை.

“உன் கறுப்பு போறதாயிருந்தா தேய்ச்சிருப்பேன்,” என்றார் தாயார்.

அப்பா கோடரியின் பின்பக்கத்தால் ஒரு மூலையைத் தட்டினார். சில்லு தெறித்தது. உள்ளேயும் பச்சை.

“பாசி கல்லுக்குள்ள முளைக்குமா, அக்கா?” என்று தாயாரைக் கேட்டார்.

பண்டாரம் எட்டிப் பார்த்தார். “பொறப்பே பச்சை. நேரம் போவுது, ஏத்துங்க.”

சில்லைப் பொறுக்கினேன். சீனி மாதிரி மினுங்கியது. சீனியைப் பார்த்து நாளாயிற்று. நக்கிப் பார்த்தேன். கல்தான்.

பின்னாளில் குவாரியில் வேலை பார்த்தபோது தெரிந்தது. அது ஆதியில் வெறும் மணல். மேலே மண் ஏறி ஏறி அமுக்கி, பூமிச் சூட்டில் மணலோடு மணல் ஒட்டிக் கல்லாகிவிட்டது. நடுவே கிடந்த சேறு அதே சூட்டில் பச்சைச் செதிலாயிற்று. தேங்காய் மட்டைக்குப் போகுமா?

மாப்பிள்ளை காலைப் பிடித்து வைத்தார். வெயிலில் கல் மின்னியது. சின்னம்மா வழுக்கவில்லை. சிரித்துவிட்டார். அவித்த கிழங்கும் தேங்காய்ப்பூவும் விருந்து.

மறுநாள் லாரியோடு வந்த கங்காணி சின்னம்மாவின் கழுத்தைப் பார்த்தான், கால்விரலைப் பார்த்தான், போய்விட்டான். புதுச் சின்னப்பாவுக்கு ரயில் கிடைக்காமல் போயிற்றே என்று எனக்கு வருத்தம்.

அதன்பிறகு சுற்றுக் குடிசைக்காரர்கள் கல்லைக் கேட்டு வந்தார்கள். அப்பா தூக்கிப் போவார். நானும் போவேன். போன இடமெல்லாம் சாப்பாடு, சிரிப்பு. கல்லின் அழகுக்குத்தான் இத்தனை பேர் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

மழை பிடிப்பதற்குள் பதினோரு கல்யாணம்.