பீப்பீ மாமா

புறங்கையை நெற்றியில் வைப்பார். பிறகு கழுத்தில். பிறகு, "ஆ காட்டு" என்பார். பிள்ளை வாயைத் திறந்ததும் சட்டைப் பையிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுத்து உள்ளே அடித்துப் பார்ப்பார். "ம்... ஏறு." அடுத்த பிள்ளை. அவர் டாக்டர் இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கதவில் ஒரு கையும் பிள்ளைகளின் தாடையில் ஒரு கையுமாக நிற்கும் அவரைத் தாண்டாமல் எந்தப் பிள்ளையும் அந்த வேனுக்குள் கால் வைக்க முடியாது.

தாய்மார்களுக்கு இது பிடிப்பதில்லை. காலை நேரத்துப் பரபரப்பு அவரவருக்கு. "வேன் ஓட்ட வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்று ஓர் அம்மா ஒருநாள் சீறினார். "ரெண்டும் இல்லம்மா. இவன மட்டும் வீட்ல விட்டுட்டுப் போக வந்தேன்" என்று சொல்லி, மூக்கு ஒழுகிய அந்தப் பையனின் புத்தகப் பையை அவன் அம்மாவின் தோளிலேயே மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த அம்மா அடுத்த வாரமே வேறு வேன் பார்த்துக்கொண்டார். இப்படிப் போனவர்கள் பலர். ஒரு காலத்தில் மடிமேல் மடியாகப் பிள்ளைகள் உட்கார்ந்து போன வண்டியில் இப்போது பின்சீட்டு முழுக்கக் காலி.

ஐம்பதைத் தாண்டிய ஆள். ஸ்டியரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவே ஒரு கைக்குட்டைகூட நுழையாது. சட்டையை இஸ்திரி போடாமல் போட மாட்டார். ஹாரன் அடிப்பது அவருக்கு ஆகாது. குறுக்கே வருகிறவனைத் தலையை வெளியே நீட்டி, "சார், நீங்க சாவகாசமா போங்க, நாங்க நாளைக்கு வர்றோம்" என்பார். உள்ளே பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

பிள்ளைகளுக்கு அவர் பீப்பீ மாமா. ஏன் அந்தப் பெயர் என்று இப்போது ஏறும் பொடிசுகளில் ஒன்றுக்கும் தெரியாது. அண்ணன்மாரும் அக்காமாரும் கூப்பிட்டார்கள், இவர்களும் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குச் சுருக்கென்று குத்தும். "மாமான்னு மட்டும் கூப்பிடுங்கடா" என்று கெஞ்சிக்கூடப் பார்த்துவிட்டார். பிள்ளைகளிடம் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா வேண்டும்? ராகம் போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வீட்டிலும் அவருக்கென்று சில முறைகள் உண்டு. அவருடைய டம்ளரை வேறு யாரும் தொடக் கூடாது. கழுவுவதும் அவரே, கவிழ்ப்பதும் அவரே. மகள் பிரசவத்துக்கு வந்து, பேத்தியை மடியில் கொண்டுவந்து வைத்தபோது, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். ஒரு முத்தம் கிடையாது. "ஏம்ப்பா, உங்களுக்கு என்ன தொத்து வியாதியா?" என்று மகள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் குழந்தையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போனார். மனைவி மகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். அவளுக்குத் தெரியும், முழுக்க இல்லாவிட்டாலும்.

அந்த வேனில் முன்பெல்லாம் ஒரு விசில் தொங்கும். மஞ்சள் கயிறு கட்டிய பிளாஸ்டிக் விசில். பள்ளிக்கூடத்துச் சந்து குறுகலானது. வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போய்த்தான் கேட்டருகில் நிறுத்த முடியும். பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. அதற்காக அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ரயிலுக்கு இருப்பதுபோல், தினம் ஒரு பிள்ளை கார்டு. விசில் அந்தப் பிள்ளையின் கையில். "ரைட்டு... ரைட்டு... பீப்பீ!" காலையில் ஏறும்போதே, "மாமா, இன்னைக்கு நானு, இன்னைக்கு நானு" என்று அடிதடி நடக்கும். சரியாக ஊதத் தெரியாத பிள்ளையிடமிருந்து வாங்கி, "இந்தா, இப்படி அடிவயித்துலேருந்து ஊதணும்" என்று தானே ஊதிக் காட்டிவிட்டு, பேன்ட்டில் ஒரு தேய்ப்புத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பார். சுத்தம் என்றால் அவருக்கு அப்போது அந்த ஒரு தேய்ப்புதான்.

பிரமாதமாக ஊதுகிறவள் ஒரு சிறுமி. இரண்டாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் அவள் ஊதினால் விசிலோடு சேர்ந்து காற்றும் தனியாக ஒரு சத்தம் போடும். "ஒரு விசில் வாங்கினா ஒண்ணு இலவசம்" என்பார் அவர். அவள் அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறவர். மகளின் சீருடையில் மட்டும் கழுத்தோரம் யாருக்கும் தெரியாத இடத்தில் சின்னதாக ஒரு பூ தைத்திருப்பார். சிறுமி அதை அவருக்கு மட்டும் புரட்டிக் காட்டினாள்.

அதே நிறுத்தத்தில் ஏறும் பையன் ஒருவன். அவன் அம்மா துணிக்கடை ஒன்றில் பில் போடுகிறவர். லீவு கேட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லும் கடை. ஒரு காலையில் அவர் பையனை ஏற்றிவிட்டு, ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "லேசா தொண்டை வலிக்குதுங்கறான்ணா. காய்ச்சல் மருந்து குடுத்திருக்கேன், சாயங்காலம் வரைக்கும் தாங்கும். மிஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, திருப்பி அனுப்பிடுவாங்க."

திருப்பி அனுப்பினால் கொண்டுவந்து விடுவது யார்? அவர்தான். அந்த நினைப்பும் அப்போது ஓடியது என்பதை அவர் மறக்கவில்லை. "தொண்டை வலிதானே, போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

அன்றைக்கு விசில் முறை அந்தப் பையனுக்கு. வலியையும் மீறி வாங்கிக்கொண்டான். ஊத முடியவில்லை, எச்சில்தான் வழிந்தது. "குடுடா இங்க" என்று பக்கத்திலிருந்து பிடுங்கினாள் அந்தச் சிறுமி. ஊதினாள். வேன் பத்திரமாகக் கேட்டருகில் போய் நின்றது.

முதலில் பையன் படுக்கையில் விழுந்தான். அந்த வாரம் முடிவதற்குள் சிறுமியும். டான்சில் என்றார் தெருமுனை டாக்டர். ஐஸ்கிரீம் சாப்பிட்டாளா என்று கேட்டார். கழுத்து வீங்கி, தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடைபோல் ஒன்று படர்ந்து, மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் அதன் பெயரைச் சொன்னார்கள். தொண்டை அடைப்பான். அதெல்லாம் ஒழிந்துபோன வியாதி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசியை ஐந்து வயதில் திரும்ப ஒருமுறை போட வேண்டும். அந்தச் சமயம் சிறுமிக்குச் சளி. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். அவள் மட்டுமா? விசாரித்தால் வேனில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த ஊசி போடவில்லை. அந்தக் கிருமியின் விஷத்தை முறிக்கும் மருந்தோ ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை. வியாதி வேனிலேயே வந்துவிட்டது. மருந்துதான் வேறோர் ஊரிலிருந்து ரயிலேறி வர வேண்டியிருந்தது.

பையனுக்கு ஊசி முழுக்கப் போட்டிருந்தது. அதனால் லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. சிறுமியும் தேறியதுபோல்தான் இருந்தது. வீக்கம் வடிந்தது. கஞ்சி குடித்தாள். போய்ப் பார்த்த ஓட்டுநரிடம், "இன்னைக்கு யாரு மாமா கார்டு?" என்று கரகரத்த குரலில் கேட்டாள். "நீ வர்ற வரைக்கும் யாரும் இல்ல. நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஓட்டுறேன்" என்றார். சிரித்தாள். ஆனால் அந்த நஞ்சு தொண்டையை விட்டு இதயத்துக்கு இறங்கியிருந்தது. எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாத்ரூமுக்குப் போகிறேன் என்று கட்டிலிலிருந்து இறங்கியவள், அம்மாவின் தோளைப் பிடித்தபடியே சரிந்தாள்.

பள்ளிக்கூடம் பெற்றோர்களுக்கு அனுப்பிய செய்தியில் 'பருவகாலக் காய்ச்சல்' என்றுதான் இருந்தது. சுகாதாரத் துறையிலிருந்து வந்த நர்ஸ் வேனில் ஏறும் அத்தனை பேருடைய தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டுத் தடவி எடுத்துக்கொண்டு போனார். ஓட்டுநருடைய தொண்டையிலும். போகும்போது கேட்டார்: "வாயில வைக்கிற பொருள் ஏதாவது பொதுவா வச்சிருந்தீங்களா? டம்ளர், பாட்டில், அந்த மாதிரி?"

"இல்லம்மா" என்றார். விசில் அவர் சட்டைப் பையில் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் விசிலைப் போட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இனி யார் ஊதுவதற்கு இதைக் கழுவுகிறோம் என்று தோன்றியது. எடுத்து, கொல்லையில் எரிந்துகொண்டிருந்த குப்பையில் எறிந்தார். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் தாங்காமல் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்னத்தப் போட்டீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, போ" என்றார்.

நர்ஸ் திரும்ப வந்தார். "உங்க தொண்டையிலயும் அந்தக் கிருமி இருக்கு. உங்கள ஒண்ணும் செய்யல, அவ்வளவுதான். இந்த மாத்திரைய விடாம சாப்பிடுங்க."

"எப்பலேருந்து இருக்கும்மா?"

"அதச் சொல்ல முடியாது. வாரக்கணக்காவும் இருக்கலாம், நேத்து வந்ததாவும் இருக்கலாம்."

"அப்போ... அந்தப் பையன்கிட்டேருந்து எனக்கு வந்துச்சா, எங்கிட்டேருந்து அவனுக்குப் போச்சா?"

நர்ஸ் பெட்டியை மூடினார். "ரெண்டுமே நடக்கலாம். அதத் தெரிஞ்சு இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

மாத்திரைக்குக் கிருமி போய்விட்டது, சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். அவர்தான் நம்பவில்லை. வேனைப் பார்த்தாலே ஜனங்கள் ஒதுங்கினார்கள். 'தொண்டை வேன்' என்று ஒரு பெயரும் வைத்தார்கள். காலம் போகப் போக அதையும் மறந்தார்கள். போடாமல் விட்ட ஊசியைக் கொஞ்ச நாள் வரிசையில் நின்று போட்டார்கள், பிறகு அதையும் மறந்தார்கள்.

மறக்காதவர் சிறுமியின் அம்மா, அந்தத் தையல்காரம்மா ஒருவர்தான். அவர் செய்ததுதான் ஓட்டுநரை உள்ளுக்குள் கொன்றது. தன் இளைய மகனைப் பள்ளியில் சேர்த்ததும் இதே வேனில்தான் ஏற்றினார். "அவளை அப்படிப் பாத்துக்கிட்டாரே, வேற யார நம்பி அனுப்புறது?" என்றார். உயிர் பிழைத்த அந்தப் பையனிடம் அவருக்குத் தனிப் பாசம். நிறுத்தத்தில் நிற்கும்போது ஆப்பிளைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவந்து அவன் வாயில் ஊட்டுவார். "நீயாவது நல்லாருடா" என்பார். பையன் மெல்லுவான். அவன் அம்மா அந்த நேரத்தில் எதையோ தேடுவதுபோல் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொள்வார். ஓட்டுநர் கண்ணாடியைத் துடைப்பார்.

சமீபத்தில் ஒரு மழைக் காலை. இரண்டு அம்மாக்களும் ஓட்டுநரும் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். தையல்காரம்மா திடீரென்று கேட்டார்: "நேத்து ஆஸ்பத்திரில ஒரு கூட்டம் போட்டாங்கண்ணா. அந்த வியாதி தானா வராதாம். ஒருத்தர்கிட்டேருந்துதான் ஒருத்தருக்கு வருமாம். அப்போ எம்பொண்ணுக்கும் யாராச்சும் ஒருத்தர் குடுத்திருக்கணும் இல்ல? யாருண்ணா அது?"

பையனின் அம்மா பைக்குள்ளிருந்து தலையை எடுத்தார். ஓட்டுநரையே பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நான்தாம்மா" என்றார் ஓட்டுநர். "என் தொண்டையில இருந்துச்சு. நர்ஸே சொன்னாங்க. நான் ஊதின விசிலத்தான் பாப்பாவும் ஊதுச்சு. கேட்டப்போ அப்படி ஒண்ணும் இல்லன்னு பொய் சொன்னேன்."

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்து நின்றார். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வதென்று நின்றார்.

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏண்ணா இப்படியெல்லாம் பேசுறீங்க? யாரோ செஞ்ச பாவத்த நீங்க ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க? அவ கடைசி வரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கிட்டிருந்தா." மகனின் காலரைச் சரிசெய்து, அவனைத் தூக்கி வேனுக்குள் விட்டார். அடி வாங்கப் போனவனை உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பியதுபோல் ஆயிற்று அவருக்கு.

மறுநாள் காலை பையனின் அம்மா சீக்கிரமே வந்துவிட்டார். தையல்காரம்மா இன்னும் வந்திருக்கவில்லை. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலருகே வந்தார். கையில் தன் கடைப் பை, உள்ளே புதுச் சட்டை. "நேத்து நீங்க மட்டும் என்னப் பத்தி வாயத் திறந்திருந்தா நான் செத்திருப்பேன்ணா. எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களே. உங்க கால்ல விழணும்."

"உங்களுக்காகச் சொல்லலம்மா. நான் உண்மையத்தான் சொன்னேன்."

"தெரியும்ணா, தெரியும்" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பு. எத்தனையோ நாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்த முகம். "இந்த மனசு யாருக்கு வரும்?" என்று பையை ஜன்னல் வழியாக அவர் மடியில் வைத்தார்.

ஓட்டுநர் அந்தப் பையை எடுத்தார். அந்த அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு கதவிலிருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். கண்ணாடி மெல்ல மேலேறியது. அந்தப் பக்கம் அந்த அம்மாவின் வாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேல்விளிம்பில் போய் முட்டி நின்ற பிறகும் ஓட்டுநர் கைப்பிடியை விடாமல் இன்னொரு சுற்றுச் சுற்றப் பார்த்தார்.